வெந்தயம் மணக்கும் ஒயின்: பிரான்சின் ஜூரா மலையடிவாரத்தில் மூன்று நாட்கள்

ஆர்புவா நகரின் ஒரு நிலவறையில், மரமேசைக்கு முன் நின்றபடி, பொன்னிறமான ஒயினை மூக்கருகே கொண்டுசென்றபோது எனக்கு முதலில் தோன்றியது வெந்தயம். எண்ணெய் விடாத வாணலியில் வெந்தயத்தைச் சிவக்க வறுத்து, சூடு ஆறுவதற்குள் இடிக்கும்போது சமையலறை முழுவதும் பரவும் அந்த மணமேதான். அதற்கு அடியில் உப்பும், அக்ரூட் பருப்பின் மெல்லிய தோலில் இருக்கும் துவர்ப்பும் இருந்தன. ஊற்றிக் கொடுத்த பெண்மணி அதைக் 'கறி' மணம் என்று விவரித்தார். இந்த ஒயினைப் பற்றிப் பேசும் பிரெஞ்சுக்காரர்கள் பலரும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பியக் கடைகளில் விற்கும் கறிப்பொடிக்கு அடையாள மணத்தைத் தருவதில் வெந்தயத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால் அவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆயினும் வெந்தயத்தைத் தனியாக அறிந்து வளர்ந்தவர்களுக்கு அந்த மணத்தின் பெயர் உடனே தெரிந்துவிடுகிறது. இது கற்பனையான ஒப்புமை அன்று. வெந்தய விதைக்கு மணம் தரும் சோட்டோலோன் என்னும் சேர்மமே இந்த ஒயினிலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல உருவாகிறது.

வான் ஜோன் என்பது அந்த ஒயினின் பெயர். 'மஞ்சள் ஒயின்' என்பது அதன் பொருள். பழக்கமில்லாதவர்களுக்குப் பிடிக்காது, முதல் முறை முகம் சுளிக்க வைக்கும், கெட்டுப்போன ஒயின் என்று நினைக்கத் தோன்றும் என்றெல்லாம் எச்சரிக்கப்பட்ட பிறகே நான் ஜூராவுக்குச் சென்றேன். மூன்று நாட்களில் ஐந்து நிலவறைகளில் சுவைத்துப் பார்த்தபின் அந்த எச்சரிக்கையை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். புளிப்பும் துவர்ப்பும் கசப்பும் ஒரே வாயில் வந்தால் திகைக்காத நாக்கு நமக்கு உண்டு. போர்தோ, பர்கண்டி ஒயின்களில் எனக்குக் கிடைக்காத ஒரு நெருக்கம் இங்கே முதல் கோப்பையிலேயே கிடைத்தது.

பிரான்சின் கிழக்கில், பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்து எல்லைக்கும் இடையே, ஜூரா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தத் திராட்சைத் தோட்டங்கள் ஒரு மெல்லிய பட்டையாக நீள்கின்றன. டைனோசர் காலத்தைக் குறிக்கும் ஜுராசிக் என்னும் சொல்லே இந்த மலைத்தொடரின் பெயரிலிருந்து வந்தது. சோன் ஆற்றுச் சமவெளிக்கு அப்பால் எதிர்த்திசையில் இருக்கும் பர்கண்டியின் புகழ்பெற்ற சரிவுகளும் அதே காலத்துப் பாறைகளால் ஆனவைதாம். எனினும், அங்கே சுண்ணாம்புக்கல் மிகுதி. இங்கே நீலமும் சாம்பலும் கலந்த சுண்ணக் களிமண் மிகுதி. மழைக்குப் பிறகு அந்தத் தோட்டங்களுக்குள் நடந்தால், காலணியில் ஒட்டிக்கொள்ளும் களிமண்ணைத் தட்டி எடுக்கவே நேரம் போதாது. பட்டையான கல்துண்டுகளைக் கையில் எடுத்து நசுக்கினால் அவை விரலிடையே பொடிந்துவிடுகின்றன. லெத்துவால் என்னும் ஊரின் மண்ணில் நட்சத்திர வடிவில் சிறு கடல் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. ஊரின் பெயருக்கே 'நட்சத்திரம்' என்றுதான் பொருள்.

இந்தப் பகுதி அறியப்படாமல் போனதற்கு ஒயினின் தரம் காரணமன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஏறத்தாழ 20,000 ஹெக்டேரில் திராட்சை விளைந்தது. பிறகு வேர்களை உறிஞ்சிக் கொல்லும் பிலாக்செரா பூச்சி வந்தது. அதன்பின் உலகப் போர்கள் உழைக்கும் ஆண்களைக் கொண்டுபோயின. ரயில் வழியே தெற்கிலிருந்து மலிவான ஒயின் வந்து குவிந்தது. இன்று மிஞ்சியிருப்பது 2,000 ஹெக்டேருக்குச் சற்று அதிகம் மட்டுமே. பிரான்சின் மொத்தத் திராட்சைப் பரப்பில் இது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆயினும், பிரான்ஸ் தன் ஒயின்களுக்கு, விளைந்த ஊரின் பெயரிலேயே விற்கும் ஊர்ப்பெயர் உரிமையைச் சட்டப்படி வழங்கத் தொடங்கிய 1936ஆம் ஆண்டிலேயே, மே மாதத்தில், அந்த உரிமையைப் பெற்ற முதல் ஊர்களுள் ஆர்புவாவும் ஒன்று.

இங்கே சுவைக்கச் செல்பவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது வரிசை. வேறு இடங்களில் வெள்ளை ஒயினை முதலிலும் சிவப்பைப் பின்னரும் தருவார்கள். ஜூராவில் சிவப்பே முதலில் வருகிறது. வாயில் சிவப்பு அவ்வளவு மெலிது, வெள்ளையோ அவ்வளவு திடம். புல்சார் என்னும் திராட்சையின் தோல் மிக மெல்லியது. அதிலிருந்து வரும் ஒயின் சிவப்பு என்று சொல்லவே தயங்கும் அளவுக்கு வெளிறியிருக்கும், கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரியும். ஆர்புவாவுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் பூப்பிலான் என்ற சிற்றூர் இதைப் ப்லுசார் என்று வேறுவிதமாக அழைக்கிறது. தன்னை அந்தத் திராட்சையின் உலகத் தலைநகர் என்று அறிவித்துக்கொள்ளவும் செய்கிறது. நான் சுவைத்த நான்கு புல்சார்களில் மூன்று மிக நன்றாக இருந்தன: காட்டுப்பழங்களின் புளிப்பு, ஈர மண்ணின் வாசம், குளிரவைத்துக் குடித்தால் கோடை மாலைக்கு ஏற்ற இலகு. நான்காவதைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. காற்றுப்படாமல் பாதுகாக்கப்படும் இந்த ஒயினில் அது நேர்வதுண்டு என்றும் சற்று நேரம் காற்றில் வைத்தால் நீங்கிவிடும் என்றும் சொன்னார்கள்; இருபது நிமிடங்களுக்குப் பிறகும் அது முழுமையாக நீங்கவில்லை. த்ருசோ என்னும் மற்றொரு சிவப்பு வகை சரளைக்கல் கலந்த வெதுவெதுப்பான நிலத்தைக் கேட்பது. போர்த்துகலில் இதே கொடி பஸ்தார்தோ என்ற பெயரில் வளர்கிறது. மிளகும் கறுப்புச் செர்ரியும் மணக்கும் த்ருசோவையே நான் சிவப்புகளில் முதலிடத்தில் வைப்பேன்.

வெள்ளை ஒயினில் சிக்கல் தொடங்குகிறது. வாங்குபவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுவே. ஜூராவில் வெள்ளை ஒயின் இரண்டு முற்றிலும் வேறான முறைகளில் செய்யப்படுகிறது. பீப்பாயிலிருந்து ஆவியாகும் அளவை அவ்வப்போது நிரப்பிக் காற்றுக்கு இடமில்லாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. அதை ஊயே என்கிறார்கள். நிரப்பாமல் விட்டு, ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் படலம் ஒன்று தானே உருவாக அனுமதிப்பது மற்றொன்று; 'திரையின் கீழ்' என்னும் பொருளில் அது சூ வுவால் எனப்படுகிறது. ஒரே உற்பத்தியாளர், ஒரே தோட்டம், ஒரே ஷார்டனே திராட்சை. ஆனால் ஒன்று எலுமிச்சையும் ஈரக்கல்லும் போன்ற தெளிந்த சுவை, மற்றொன்று அக்ரூட்டும் காய்ந்த ஆப்பிளும் உப்பும். இந்த வேறுபாட்டைப் புட்டியில் ஒட்டும் சீட்டில் எழுதியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'மரபு' என்று பொருள்படும் சொல் சீட்டில் இருந்தால் பெரும்பாலும் திரை ஒயின், 'மலர்' என்று பொருள்படும் சொல் இருந்தால் பெரும்பாலும் நிரப்பிய ஒயின் என்று ஊகிக்கலாம். வேறு சில புட்டிகளில் அந்தத் துணையும் கிடையாது. ஆர்புவாவின் ஒரு கடையில் நண்பருக்குப் பரிசளிக்க நிரப்பிய வகையைத்தான் கேட்டு வாங்கினேன். திறந்தபோது அது திரை வகையாக இருந்தது, நண்பர் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. கடைக்காரரிடம் வாய்மொழியாகக் கேட்பதோடு நிறுத்தாமல், புட்டியை அவர் கையில் கொடுத்து, இது எந்த முறை என்று குறிப்பாகக் கேளுங்கள்.

இனி வான் ஜோன். இதற்கு அனுமதிக்கப்பட்ட ஒரே திராட்சை சவாஞான். மத்திய ஐரோப்பாவில் திராமினர் என்று அழைக்கப்படும் பழைய வகையும் இதுவும் ஒன்றுதான். தாமதமாகப் பழுக்கும் இதைப் பல ஆண்டுகளில் அக்டோபர் கடைசி வரை கொடியில் விட்டுப் பறிக்கிறார்கள். சாதாரண வெள்ளை ஒயினைப் போல நொதிக்க வைத்தபின், 228 லிட்டர் கொள்ளும் பழைய ஓக் பீப்பாய்களில் ஊற்றி, பிறகு நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். மரத்தின் வழியே ஒயின் மெல்ல ஆவியாகிப் பீப்பாயின் மேற்பகுதியில் காலியிடம் பெருகும்போது, பால் ஆறும்போது படியும் ஆடைபோல வெளிறிய படலம் ஒன்று ஒயின்மேல் விரிகிறது. அந்த ஈஸ்ட் படலம் ஒயினிலுள்ள ஆல்கஹாலையும் மேலே உள்ள ஆக்ஸிஜனையும் உண்டு வாழ்கிறது. அதனால் ஒயின் காடியாகாமல் காப்பாற்றப்படுகிறது. ஆல்கஹால் அசிட்டால்டிஹைடாக மாறும் வேதிவினைதான் பச்சை ஆப்பிள் மணத்தையும் அக்ரூட் மணத்தையும் தொடங்கிவைக்கிறது. வெந்தய மணம் வெகு காலம் கழித்தே வருகிறது.

ஸ்பெயினின் ஷெரியைக் குடித்தவர்கள் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். படலம் என்னும் கருத்து ஒன்றுதான். ஆனால் இங்கே சாராயம் சேர்ப்பதில்லை, வெவ்வேறு ஆண்டுகளின் ஒயின்களைக் கலப்பதும் இல்லை. ஒரே ஆண்டின் அறுவடை, அதன் இயல்பான ஆல்கஹாலோடு, அறுவடைக்குப் பின் வரும் ஆறாம் ஆண்டின் டிசம்பர் 15 வரை காத்திருக்க வேண்டும் என்பதும், அதில் குறைந்தது 60 மாதங்கள் படலத்தின் கீழ் கழிய வேண்டும் என்பதும் விதி. நான் சென்ற ஒரு பண்ணையில் பீப்பாய்கள் நிலத்தடியில் இல்லை, பரணில் இருந்தன. கோடையில் வெப்பமும் குளிர்காலத்தில் கடுங்குளிரும் மாறி மாறித் தாக்குவது படலத்துக்கு வேண்டியிருக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். ஒவ்வொரு பீப்பாயின் பக்கத்திலும் இருக்கும் சிறு குழாய் வழியே மாதிரி எடுத்து ஆண்டுதோறும் ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். காடியின் அளவு ஏறத் தொடங்கும் பீப்பாயை உடனே வரிசையிலிருந்து விலக்கி, அதைச் சாதாரண சவாஞானாகப் புட்டியில் அடைக்கிறார்கள். ஆறு ஆண்டுகள் முடியும்போது எத்தனை பீப்பாய் வான் ஜோனாக மிஞ்சும் என்று தொடக்கத்தில் எவராலும் சொல்ல முடியாது. விலையைப் பார்த்து மலைப்பவர்கள் இந்தப் பரணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதை அடைக்கும் புட்டியும் தனித்துவமானது. கிளாவலான் என்னும் அந்தக் குட்டையான, தோள் அகன்ற புட்டி 62 சென்டிலிட்டர் மட்டுமே கொள்ளும். ஒரு லிட்டர் ஒயினில் ஆறு ஆண்டு ஆவியானபின் எஞ்சுவது அவ்வளவுதான் என்பது மரபான விளக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அளவு விதிகளில் இதற்குத் தனி விலக்கே தரப்பட்டிருக்கிறது.

இரண்டாம் நாள் ஷாத்தோ-ஷாலோன் சென்றேன். கீழிருந்து பார்க்கும்போது, செங்குத்தான பாறையின் விளிம்பில் ஒரு கோட்டைபோல் ஊர் நிற்கிறது. பாறைக்குக் கீழே, வடகாற்று படாத சரிவில், சவாஞான் கொடிகள் இறங்குகின்றன. ஒரு காலத்தில் பெண் துறவிகளின் மடம் இந்த மலைமேல் இருந்தது. இந்த ஊர்ப்பெயரில் வான் ஜோன் தவிர வேறெந்த ஒயினையும் விற்க முடியாது. அதற்குரிய தோட்டங்கள் சுமார் 50 ஹெக்டேர் மட்டுமே. அறுவடைக்கு முன் ஒரு குழு ஒவ்வொரு துண்டு நிலத்தையும் நடந்து பார்த்து, திராட்சை தகுதியாக இருக்கிறதா என்று தீர்மானிக்கிறது. 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் ஷாத்தோ-ஷாலோன் என்னும் பெயரில் ஒரு புட்டிகூட வெளிவரவில்லை. விளைந்தது தங்கள் பெயருக்குத் தகாது என்று ஊரே ஒப்புக்கொண்டது. வருமானத்தை இழந்து பெயரைக் காத்த அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். சுவையிலும் வேறுபாடு தெரிகிறது. ஆர்புவாவின் வான் ஜோன் முதலிலேயே முழுக் குரலில் பேசுவது. ஷாத்தோ-ஷாலோன் அடக்கமாகத் தொடங்கி, விழுங்கிய பிறகு ஒவ்வொன்றாக வெளிப்படுத்துகிறது. கடைசி வாய்க்குப் பின் வண்டியில் ஏறி அடிவாரத்திலுள்ள வுவாத்தேர் வரை இறங்கிய பின்னும் நாக்கில் வெந்தயமும் உப்பும் இருந்தன.

நீண்ட ஆயுளுக்கு இந்த ஒயின் பெயர் பெற்றது. 1774இல் அறுவடையான வான் ஜோன் புட்டி ஒன்று 2018 மே மாதத்தில் லோன்-லெ-சோனியே நகரில் 1,03,700 யூரோவுக்கு ஏலம் போனது. நான் குடித்ததில் மூத்தது 1996ஆம் ஆண்டுப் புட்டி. அதில் வெந்தயத்தைவிடக் காளானும் தேனும் முன்னே நின்றன.

உணவைப் பொறுத்தவரை, கோம்தே பாலாடைக்கட்டியும் வான் ஜோனும் சேர்ந்த இணையே இந்த ஊரின் மிகச் சிறந்த விருந்து. பதினெட்டு மாதங்களுக்கு மேல் பழுத்த கோம்தேயில் சிறு படிகங்கள் பல்லில் நொறுங்கும். அந்த உப்பும் ஒயினின் அக்ரூட் சுவையும் ஒன்றை ஒன்று நீட்டிக்கின்றன. அக்ரூட் பருப்பும் ஒரு துண்டு ரொட்டியும் இருந்தால் இரவு உணவே முடிந்துவிடும். வான் ஜோனும் பாலேடும் மோரல் காளானும் சேர்த்துச் சமைக்கும் கோழிதான் இப்பகுதியின் பெருமைக்குரிய கறி. நான் சாப்பிட்ட உணவகத்தில் கோழி வெந்த பதமும் சாற்றின் அடர்த்தியும் குறைசொல்ல இடமில்லாதவை; ஆனால் உடன் வந்த வான் ஜோனைக் குளிர்பெட்டியிலிருந்து நேரே எடுத்து ஊற்றினார்கள். அத்தனை குளிரில் அதன் மணம் முழுவதும் மூடிக்கொண்டது. ஆறு ஆண்டு காத்திருந்து செய்த ஒயினை 14 முதல் 16 பாகை செல்சியஸில், சில மணி நேரம் முன்பே திறந்துவைத்துப் பரிமாற வேண்டும் என்பது அந்த ஊரில் எல்லா நிலவறைகளிலும் சொல்லப்படும் அடிப்படை. ஒரு கோப்பைக்கு 12 யூரோ வாங்கும் உணவகம் அதைச் செய்திருக்க வேண்டும்.

ஒயினிலிருந்து சற்று விலகினாலும், ஆர்புவாவுக்குப் போகிறவர்கள் லூயி பாஸ்டரின் வீட்டைத் தவறவிடக் கூடாது. அருகிலுள்ள டோல் நகரில் 1822இல் பிறந்த அவர் வளர்ந்தது இங்கேதான்; பாரிசில் புகழடைந்த பின்னரும் விடுமுறைகளுக்கு இந்த வீட்டுக்கே திரும்பினார். ஒயின் ஏன் கெடுகிறது என்று கண்டறியும்படி மூன்றாம் நெப்போலியன் 1863இல் கேட்டுக்கொண்டபோது அவர் ஆய்வு செய்தது இந்த ஊரின் ஒயின்களை வைத்துத்தான். மிதமாகச் சூடாக்கினால் கெடுக்கும் நுண்ணுயிர்கள் அழியும் என்ற கண்டுபிடிப்பு அங்கிருந்து பிறந்து, பிறகு பாலுக்குப் போய், இன்று நம் ஊர்ப் பால் பாக்கெட்டிலும் அவர் பெயரால் அச்சாகிறது. 1874இல் ஊருக்கு வெளியே ஒரு சிறு திராட்சைத் தோட்டத்தையும் வாங்கினார். 1878இல் அதில் சில கொடிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வளர்த்து, வெளியிலிருந்து ஈஸ்ட் வந்து படியாத திராட்சை தானாக நொதிக்காது என்று நிறுவினார். க்யூசான்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த வீட்டின் ஆய்வுக்கூடத்தில் நின்றபோது, முதல் நாள் பரணில் பார்த்த படலம் எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது.

இனிப்பு விரும்புபவர்களுக்கு வான் டி பாய் உண்டு. பறித்த திராட்சையைக் குறைந்தது ஆறு வாரம் உலர்த்திப் பிழிவதால் அரைப் புட்டியில் மட்டுமே விற்கப்படும் அது அத்திப்பழப் பாகுபோல் இருக்கிறது. எனக்கு அரைக் கோப்பை போதுமாயிற்று. திராட்சைச் சாற்றோடு சாராயம் கலந்த மாக்வான் என்னைக் கவரவில்லை. நுரைக்கும் க்ரெமான், அதன் விலைக்கு மிகச் சிறந்த கொள்முதல்.

பயணத்தைப் பற்றிச் சில சொற்கள். பெசான்சோனிலிருந்து தெற்கே செல்லும் வட்டார ரயில் ஆர்புவாவில் நிற்கிறது. ஆனால் ஷாத்தோ-ஷாலோனுக்கு வாகனம் இல்லாமல் போவது கடினம், ஓட்டுபவர் குடிக்காமல் இருக்க ஒருவரை முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும். சிறு பண்ணைகளில் முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேட்காமல் போனால் கதவு திறக்காது. நானும் ஒருமுறை மதிய உணவு வேளையில் போய் இரண்டு மணி நேரம் வெளியே காத்திருந்தேன். 2021 ஏப்ரல் உறைபனியில் மொட்டுகள் கருகி அந்த ஆண்டின் அறுவடை மிகவும் குறைந்துபோனதால், சில பண்ணைகளில் விற்க ஒயினே இல்லாத நிலையும் வந்தது. பெயர் பெற்ற உற்பத்தியாளர்களின் புட்டிகள் பாரிசிலும் நியூயார்க்கிலும் பங்கிட்டுத் தரப்படும் அளவுக்குத் தேவை கூடியிருக்கிறது. நான் ஒரு புல்சாருக்கு 16 யூரோவும், ஆர்புவா வான் ஜோனுக்கு 42 யூரோவும், ஷாத்தோ-ஷாலோனுக்கு 58 யூரோவும் கொடுத்தேன். மூன்றில் ஒன்றை மட்டும் மீண்டும் வாங்கலாம் என்றால் நடுவில் இருப்பதைத்தான் வாங்குவேன்.

அந்த 42 யூரோப் புட்டியை லியோனில் உள்ள என் வீட்டில் திறந்தேன். வெந்தயத்துக்கு வெந்தயம் என்று எண்ணி முதல் நாள் வெந்தயக் குழம்பு வைத்தேன். புளியும் காரமும் ஒயினை முழுதாக விழுங்கிவிட்டன, கோப்பையில் கசப்பு மட்டுமே மிஞ்சியது. மறுநாள் தேங்காய்ப் பாலில் செய்த சொதியில், மிளகாயை ஒன்றாகக் குறைத்து, கடைசியில் வெந்தயத்தை மட்டும் தாளித்து ஊற்றினேன். பாலின் இனிப்பு ஒயினின் புளிப்பைத் தாங்கிக்கொண்டது. தாளித்த மணம் எது, கோப்பையின் மணம் எது என்று பிரிக்க முடியவில்லை. பாதிப் புட்டியைத் தக்கையிட்டு அலமாரியில் வைத்தேன். மற்ற ஒயின்கள் இரண்டு நாளில் உயிர்விடும். இது இன்றோடு இருபத்து மூன்றாம் நாள், இன்னும் அதே மணத்தோடு இருக்கிறது.